ஆறே முக்கால் மணிச் சுறா

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நாம் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வரும், நாலாவதில் நீ லைனை வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது பார். பஸ் ஏறும்போது "இனிமே எனக்கு அக்காவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய் ஏழு மாதமாகிறது. சரி, இல்லாத அக்கா எழுதுகிறேன், படி.

முதலில் உன் பெண் நன்றாக இருக்கிறாள். உன் மனைவிக்கு மாற்றல் வந்து நீங்கள் இருவரும் கிளம்பியபோது, கடலை விட்டு வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான். நான் ஒன்றும் சொக்குப்பொடி போடவில்லை. இருபது வயதுப் பெண்ணை மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று சொன்னேன், அவ்வளவுதான். அவளுக்கு ராங்கி என்று பேர் வைத்ததே நீ. இப்போது அந்த ராங்கித்தனத்துக்கு நான் பொறுப்பா?

விஷயத்துக்கு வருகிறேன். கடல் மாறிவிட்டது. வடக்கே துறைமுகத்துக்காகக் கல் கொட்டிச் சுவர் நீட்டினார்களே, அது முடிந்ததும் நம் மணல்திட்டு நகர ஆரம்பித்தது. நீ அலைச்சறுக்குப் பலகைமேல் எழுந்து நிற்கும் இடத்தில் இப்போது அலையே கிடையாது. அது நூறு அடி தள்ளி, கடலுக்கடியில் இருக்கும் ஆழக் கால்வாயின் விளிம்பில் போய் உடைகிறது. அழகான அலைதான், பொய் சொல்ல மாட்டேன். நீளமாக, கண்ணாடி மாதிரி வருகிறது. ஆனால் தண்ணீரின் நிறம் கறுத்துவிட்டது. காலையில் அங்கே உட்காரும் பறவைகள் இப்போது உட்காருவதில்லை.

நேற்று காலை நான் பட்டறையில் ஒரு சறுக்குப் பலகையின் ஓட்டையை ரெசின் பசை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். வாசல் கரும்பலகையில் அலை, காற்று, தண்ணீர் ஏறும் நேரம் எல்லாம் எழுதியாயிற்று. சுறா என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். ராங்கி ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள்.

"அத்தை, பெரியவர் வந்திருக்கார்! போர்டுல எழுதாம என்ன பண்றீங்க?"

நான் எழுதாமல் பெரியவர் எப்படி வருவார்?

உனக்கு மறந்திருக்காது. எட்டு வருடம் முன்னால் யாரோ நம் அலையைப் படம் பிடித்துப் போட்டு, வேன் வேனாக ஆட்கள் வந்து, தண்ணீரில் உட்கார இடமில்லாமல் போனது. ஒருநாள் நீ உள்ளே வந்து, "அக்கா, சுறா பாத்தேன்னு எழுதிடு, கூட்டம் தானா கலையும்" என்றாய். எத்தனை மணிக்கு என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஆறே முக்கால் என்றாய். நான் பக்கத்தில் முதுகுத் துடுப்பை வரைந்தேன். கரும்பலகையில் விரிசல் இருக்கும் இடத்தில் சாக்பீஸ் உடைந்து, துடுப்பின் நுனி இடது பக்கம் மடிந்துபோனது. "இதுவும் நல்லதுதான், அங்க அடையாளம்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நல்ல அலை வந்த நாளெல்லாம் அதே நுனி, அதே நேரம். பெரியவர் என்ற பேரைக் கூட்டம் வைத்தது.

நேற்று நான் பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். துடுப்பின் நுனி இடது பக்கம் மடிந்திருந்தது. கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மணி என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நீ பதறுகிற மாதிரி இதில் ஒன்றும் இல்லை. படகின் விசிறி வெட்டி நுனி மடிந்த சுறா உலகத்தில் ஒன்றுதானா இருக்கும்? நேரமும் தற்செயல். எட்டு வருடமாக நாமே எழுதி நாமே படித்ததால் உன் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. இரண்டு வாரத்தில் போய்விடும்.

இங்கே எனக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பதினாலு மாடிக் கட்டிடம். மொட்டை மாடியில் இயந்திர அறை, கீழே குழி. இரண்டுக்கும் நடுவில் நாள் பூராவும் போய் வருகிறேன். உப்புக் காற்று இல்லாததால் தோல் உரிகிறது. கேட்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ராங்கியிடம் எதையும் உளறிவைக்காதே. அவளுக்கும் எனக்கும் நடுவில் இப்போது மிச்சம் இருப்பதே ஞாயிற்றுக்கிழமை போனும் அந்தக் கதையும்தான். நீ அதை மறந்திருக்கலாம். நம் கரும்பலகையைப் படித்துப் பயந்து, பன்னிரண்டு வயதில் அவள் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கவே மாட்டேன் என்று அழுதாள். நாம் ஊரை விரட்ட எழுதியது என் பிள்ளையை விரட்டியது. உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிவிடுவாள் என்று, வேறு ஒன்று சொன்னேன். பெரியவர் என் பக்கத்தில் வந்தார், நான் முதுகில் உள்ளங்கையை வைத்தேன், ஒரு பக்கம் தடவினால் வழவழவென்றும் எதிர்ப் பக்கம் தடவினால் அத்தை பலகை தேய்க்கும் உப்புத்தாள் மாதிரியும் இருந்தது, கண் சாந்தமாக இருந்தது என்றேன். மறுநாளே தண்ணீரில் இறங்கினாள். அவளுக்கு நான் செய்த ஒரே பெரிய காரியம் அது.

நீயே அவளை வைத்துக்கொண்டிருக்கிறாய். கதையையாவது என்னிடம் விடு.

தம்பி

ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

உன் கதை உன்னிடம் இல்லை. அது தண்ணீரில் இருக்கிறது, தினமும் காலையில் வருகிறது.

எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அலைக்காகக் காத்திருப்பவர்கள் வரிசையாகப் பலகைமேல் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா? அது கால்வாயிலிருந்து எழும்பி, வரிசையின் வடக்கு முனையில் ஆரம்பிக்கிறது. ஒவ்வொருவர் பின்னாலும் கொஞ்சம் நிற்கிறது. பிறகு அடுத்தவர். பரீட்சை ஹாலில் வாத்தியார் போகிற மாதிரி. சுற்றுவதில்லை, மீன் துரத்துவதில்லை. கடைசி ஆள் வரை போய்விட்டு ஆழத்தில் இறங்கிவிடுகிறது. ஒருத்தராவது கரைக்கு வர வேண்டுமே! "நம்ம பெரியவர்தானே" என்று கையசைக்கிறார்கள்.

நான் ராங்கியிடம் உளறியாயிற்று. நீ கோபப்படு, பரவாயில்லை. பெரியவர் என்று ஒன்று இருந்ததே இல்லை, நானும் உன் அப்பாவும் கட்டிவிட்டது என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு அப்பா மேல கோபம், அத்தை. அதுக்காக இப்படியா சொல்றது?"

பல் டாக்டரைத் தெரியுமே, நம் பழைய வாடிக்கைக்காரர். அவரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். நாலு வருடம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தன் இரண்டு கண்ணால் பார்த்தாராம். நுனி மடிந்திருந்ததாம். அந்த ஞாயிறு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்று நான் பட்டறையை விட்டு வெளியே வராமலே எழுதினேன். அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. நிஜமாகவே பார்த்ததாக நம்புகிறார். அதை நினைத்தால்தான் எனக்குக் குளிர் எடுக்கிறது.

கடற்கரைக் காவல் அலுவலகத்துக்கும் போனேன். சிவப்புக் கொடி போடுங்கள் என்றேன். அதிகாரி ஒரு ஃபைலை எடுத்துப் போட்டார். நம் கரும்பலகையை வருடா வருடம் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். "எட்டு வருஷம், ஒருத்தர் மேலயும் ஒரு கீறல் கிடையாது. இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார். எல்லாம் கட்டுக்கதை என்றேன். "முதல்ல பாத்தது, தொட்டது எல்லாம் உங்க தம்பின்னுதானே பேச்சு. அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், பீச்சை மூடறேன்" என்றார்.

இப்போது கேள். உன் பெண் அதைத் தொடப் போகிறாளாம். அப்பா தொட்ட மாதிரி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை நீட்டி வைத்திருக்கிறாள். அதுவும் தினமும் அவள் பின்னால் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. எழுதி அனுப்பு.

அக்கா

ஆகஸ்ட் 17

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. இயந்திர அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "அப்பா, இன்னும் ரெண்டு முழம்தான். தொட்டதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்" என்றாள். சின்ன வயதுக் குரல் அது. இந்த ஊருக்கு வந்தபின் அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. "பாத்து செய்டா" என்று சொல்லிவிட்டேன். என்னைக் கோழை என்பாய். சொல்லிக்கொள்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். சுறா நடமாட்டம் இருப்பதால் அனைவரும் மிகுந்த கவனத்துடன் இருக்கவும் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதிகாரிக்கு இது போதும் என்று நினைக்கிறேன். பழைய விஷயத்தை எல்லாம் எதற்குக் கிளற வேண்டும்?

தம்பி

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

உன் தாளைப் படித்துவிட்டு அதிகாரி, "கவனமாத்தானே இருக்காங்க" என்றார். பல் டாக்டர் அதைக் கேட்டு வாங்கிக் கரும்பலகையின் ஓரத்தில் குத்திவைத்திருக்கிறார், பெரியவரைத் தொட்டவரின் கையெழுத்து என்று.

இரண்டு முழம் இப்போது ஒரு முழம். உனக்கு மகள் வேண்டுமா, மகளிடம் நல்ல பேர் வேண்டுமா? யோசித்து எழுது. ரொம்ப யோசிக்காதே.

அக்கா

ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

நேற்று லிஃப்டில் ஒரு ஆள் ஏறினார். ஒன்பதாவது மாடிக்குப் புதிதாகக் குடி வந்தவர். என் முகத்தில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்து, கடல் பக்கமா என்று கேட்டார். தலையாட்டினேன். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அங்க ஒரு சுறா இருக்காமே, மனுஷன் தொட்டா ஒண்ணும் பண்ணாதாம், ஒருத்தர் தொட்டிருக்காராம்" என்றார். நான் சொன்ன வார்த்தைகளையே என்னிடம் சொன்னார். உப்புத்தாள், சாந்தமான கண், எல்லாம். என் பொய் இத்தனை மைல் நடந்து வந்து என்னிடமே கேள்விப்பட்டிருக்கிறாயா என்று கேட்டது.

பிறகு போனை நீட்டிப் படம் காட்டினார். யாரோ மேலிருந்து எடுத்தது. கறுத்த தண்ணீர், வரிசையாகப் பலகைகள். நடுவில் ராங்கியின் மஞ்சள் பலகை, அதன் மூக்கில் நீ போட்ட வெள்ளை ஒட்டு. பலகைக்குக் கீழே இன்னொரு நிழல். அது பலகையைவிட இரண்டு மடங்கு நீளம், அக்கா. நீ இதைச் சொல்லவே இல்லையே. இல்லை, கரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் துடுப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

லிஃப்ட் ஒன்பதாவது மாடியில் நின்றது, அவர் இறங்கிப் போனார். நான் கதவை மூடாமல் அப்படியே நின்றேன். கீழே யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். எல்லாம் பொய்யம்மா என்றேன். "அத்தை சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று சிரித்தாள். அழுதே சொன்னேன். "அப்பா, உங்களுக்கு என்னைப் பத்தி பயம், அவ்வளவுதான்" என்று வைத்துவிட்டாள். நான் சொன்ன பொய்யை ஒரே தடவையில் நம்பினவள் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறாள்.

கிளம்பி வரத்தான் நினைத்தேன். ஆனால் நேரில் நின்றால் அவள் முகத்தைப் பார்த்ததும் மறுபடி மழுப்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் பின்னால் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். என் கைப்பட, அடித்தல் திருத்தல் இல்லாமல். அதிகாரியிடம் பிறகு கொடு. முதலில் அவளிடம் படி. அவள் என்ன சொன்னாலும் எனக்கு எழுது.

தம்பி

ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடு. பிறகு மிச்சத்தைப் படி.

உன் கடிதம் நேற்று பதினோரு மணிக்கு வந்தது. ராங்கி தண்ணீரில் இருந்தாள். காலையில் அது வழக்கம்போல வந்து போய்விட்டதால், இனி நாளைக்குத்தான் என்று எல்லோரும் இறங்கியிருந்தார்கள். வாசலில் நின்று படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அலை விழுவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. காற்று திசை மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது வடக்கு முனையில் துடுப்பு எழும்பியது.

பதினோரு மணி, தம்பி. நாம் எழுதிக் கொடுக்காத நேரம்.

என் தோள் மூட்டு நழுவி மூன்று வருடமாக நான் தண்ணீரில் இறங்கியதில்லை. பழுது பார்க்க வந்திருந்த ஏதோ ஒரு பலகையை எடுத்தேன். உன் தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு படுத்துத் துழாவினேன். ஒவ்வொரு துழாவலுக்கும் வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. வரிசையை நெருங்கியபோது பல் டாக்டர், "அட, அக்காவும் பெரியவரைப் பாக்க வந்துட்டாங்க!" என்று கை தட்டினார். அது அவர் பின்னால்தான் நின்றிருந்தது. அவரைத் தாண்டிவிட்டு நகர்ந்தது. அவருக்கு அப்புறம் யார் பின்னாலும் நிற்கவில்லை. நேராக, மெதுவாக அவளை நோக்கிப் போனது.

ராங்கி பலகைமேல் குப்புறப் படுத்திருந்தாள். இடது கை முழங்கை வரை தண்ணீரில், உள்ளங்கை விரிந்திருந்தது.

"சத்தம் போடாதீங்க அத்தை. வருது."

நான் கத்தவில்லை. கத்தினால் கேட்கிற ஜாதியா அவள்? பையைப் பல்லால் கிழித்துத் தாளை எடுத்தேன். கடலில் உட்கார்ந்துகொண்டு உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். "எட்டு வருடத்துக்கு முன் நான் எந்தச் சுறாவையும் பார்க்கவில்லை. எந்தச் சுறாவின் மேலும் கை வைத்ததில்லை. உப்புத்தாள் மாதிரி இருக்கும் என்று சொன்னது, மீன் சந்தையில் செத்துக்கிடந்த ஒரு குட்டிச் சுறாவைத் தடவிப் பார்த்து. கண் சாந்தமாக இருந்தது என்று சொன்னது, நீ தூங்க வேண்டும் என்பதற்காக. நான் அன்றைக்கு முழுக்கக் கரையில்தான் இருந்தேன். உன் அப்பா தைரியசாலி இல்லை, ராங்கி. நீதான் தைரியசாலி. என் பொய்யை நம்பிக் கையை நீட்டாதே."

அவள் என்னைப் பார்க்காமலே, "அப்பா கையெழுத்தா?" என்றாள். தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். தண்ணீர் தெறித்து மை ஊற ஆரம்பித்திருந்தது. அது வந்துகொண்டே இருக்க, அவள் முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை முழுசாகப் படித்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு கையை வெளியே எடுத்து நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

கை இருந்த இடத்துக்கு அது வந்து நின்றது. தலையைக் கொஞ்சம் சாய்த்தது. நான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். கோபம் இல்லை, பசி இல்லை, நீ சொன்ன சாந்தமும் இல்லை. வெறும் கறுப்பு. ஒருத்தர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி அப்படியே நின்றது. நாங்கள் காலைக்கூட அசைக்காமல், அடுத்த அலை தூக்கும் வரை கிடந்து, கரைக்கு வந்தோம்.

கரையில் எல்லோர் முன்னாலும் மறுபடி படித்துக் காட்டினேன். ஒருவரும் நம்பவில்லை. மனைவியோடு வெளியூர் போனதும் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தர் சொன்னார். இன்று காலையும் இறங்கினார்கள். ராங்கி மட்டும் மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அது வந்தது. வரிசையில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போய், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், அந்தக் காலித் தண்ணீரில் நின்றது. போகவில்லை. கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொருவராகக் கரையேற ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் பல் டாக்டர். துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதிகாரி உன் தாளை வாங்கிக்கொண்டு கொடியைப் போட்டுவிட்டார். கடலில் யாரும் இல்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, பட்டறை வாசலிலிருந்தே தெரிகிறது.

அவள் என்ன சொன்னாள் என்று எழுதச் சொன்னாய். நேற்றிலிருந்து அவள் அழவில்லை, உன்னைத் திட்டவில்லை, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ அனுப்பியதுதான் அவளைக் காப்பாற்றியது. அதை நான் சாகும் வரை சொல்வேன், யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். என் கோபமெல்லாம் போய்விட்டது, தம்பி.

இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு அத்தை? உங்க தம்பிக்கா?"

அப்பாவுக்கா என்று கேட்கவில்லை. ஆமாம், ஏதாவது எழுதட்டுமா என்றேன். வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உயிரோட இருக்கேன்னு எழுதுங்க" என்றாள்.

அக்கா